நெல்லிச்சாறும் கையுறையும்

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தொழிலாளர் நலமன்றத் தலைவர் மக்பூல் அகமது அவர்களே, தோலைப் பதமாக்கி ஆம்பூரின் பெயரைக் கடல்கடந்து அனுப்பிய உழைப்பாளிப் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் செவியில் என் சொல்லுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! குடியாத்தத்துத் தறிக்காரர் மகள், தாவரவியல் ஆசிரியை கமலவேணியின் பணிவான வணக்கம்.

சென்ற ஆண்டு இதே மேடையில் நெல்லியைப் பற்றிப் பேசினேன். பேசினேனா? பொழிந்தேன்! தோல் பதனிடும் குரோமியம் உடலுக்குள் போனால் விந்தணுவையும் கருமுட்டையையும் வாட்டும் என்றேன். அந்த வாட்டத்தை நெல்லியின் சத்து தணிப்பதாக ஆய்வுக்கூடம் சொல்கிறது என்றேன். "மூத்தோர் சொல்லும் முதுநெல்லியும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்" என்று முழங்கினேன். நீங்கள் கைதட்டினீர்கள், நான் மயங்கினேன். அந்த ஆய்வுக்கூடத்தில் நெல்லி தின்றவை எலிகள் என்பதை மட்டும் சொல்ல மறந்தேன்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருப்பேன், ஜான்சன் அந்தக் கூட்டத்தில் இல்லாதிருந்தால்.

ஜான்சன், பதனிடும் டிரம்மிலிருந்து குரோமியம் ஏறி நீலம் பாரித்த ஈரத்தோலை இழுத்துப் போடும் தொழிலாளி. மணமாகி ஆறு ஆண்டு, மழலை இல்லை. என் பேச்சைக் கேட்ட மறுநாளே நெல்லிச்சாற்றைத் தொடங்கினார். கையுறையைக் கழற்றினார்! போன மாதம் அவர் மனைவி அம்பிகா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மேடம் பேசினீங்க? காலையில ஒரு டம்ளர் குடிச்சிட்டு, உள்ளயே கவசம் இருக்கு, கிளவுஸ் எதுக்கு பேஜாருன்றாரு. கையெல்லாம் புண்ணு. ஆறு வருஷமா எல்லா டெஸ்டும் எனக்குத்தான். நீயும் ஒண்ணு எடுய்யான்னா, அதான் ஜூஸ் குடிக்கிறேனேன்றாரு."

தலைகுனிந்தேன், தாய்மார்களே. முதுநெல்லி முன்னே கசந்து பின்னே இனிக்கும். என் சொல்லோ முன்னே இனித்துப் பின்னே கசந்தது.

நெல்லி நல்லது. மஞ்சள் நல்லது. முருங்கை நல்லது. உண்ணுங்கள்! ஆனால் குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தரையைத் துடைத்தால் ஈரம் காயுமா? கையுறை செய்ய வேண்டிய வேலையை நெல்லி செய்யுமா? கணவன் எடுக்க வேண்டிய பரிசோதனைக்கு மனைவி ஊசி குத்திக்கொள்வதா?

என்ன ஐயா, பின்வரிசையில்? "கம்பெனி குடுக்கிற கிளவுஸே கிழிஞ்சிருக்கு" என்கிறீர்களா? நியாயம். தலைவர் அவர்களே, கேட்டீர்களா? கிழியாத கையுறையைக் கேட்டு வாங்கித் தருவது தங்கள் கடமை. தலையாட்டிவிட்டார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஜான்சன் தம்பி இங்கேதான் இருக்கிறார். பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். "மேடையிலதானே தப்பாச்சு, மேடையிலயே சொல்லுங்க மேடம்" என்றார். திங்கட்கிழமை அவரும் பரிசோதனைக்குப் போனார். முடிவு இன்னும் வரவில்லை. நல்லது வருமா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் இனி இந்த மேடையில் சொல்ல மாட்டேன். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்: ஆறு ஆண்டில் முதல்முறையாக, மருத்துவமனை வரிசையில் அம்பிகா துணைக்கு உட்கார்ந்திருந்தார். டோக்கன் ஜான்சன் கையில் இருந்தது.

இன்று எனக்குக் கைதட்ட வேண்டாம். நாளைக் காலை அந்தக் கைகளுக்கு உறை மாட்டுங்கள், அது போதும். பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.