வெர்னாவின் காரில் ஒரு துளை

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது என்று, தம்ளர் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும் என் பல்செட்டின் மேல் சத்தியம் செய்கிறேன். எழுபத்தாறு வயதில் என்னிடம் மிச்சமிருக்கும் விலையுயர்ந்த பொருள் அதுதான்.

எனக்குக் கார் ஓட்டப் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

பென்சில்வேனியாவில் எங்கள் தெருக்கோடியில் மூன்று வீடுகள். நடுவில் வெர்னா, கணவனை இழந்தவள், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இந்தப் பக்கம் ஹார்லனாகிய நான். அந்தப் பக்கம் காசிமிர். அவனுக்குக் கண் மங்கிப்போய் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். கை மட்டும் மங்கவில்லை. அவன் சீட்டியடித்தால் பெட்டியிலிருந்து சரியான ஸ்பேனர் தானாகத் தவழ்ந்து வரும். இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

செப்டம்பரில் வெர்னாவின் காரில் இன்ஜின் விளக்கு எரிந்தது. அதே வாரம் ஒஹையோவிலிருந்து போன். அவள் தங்கை டெல்லாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

"நான் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கே கிளம்பலாம்," என்றேன்.

"நீ ஓட்டுனா டெல்லாவுக்கு முன்னாடி நான் போய்ச் சேந்துருவேன், ஹார்லன். என் வண்டி சரியாகட்டும்."

"இது பெட்ரோல் ஆவி சமாச்சாரம்தான் வெர்னா. இப்படியே போனாலும் வண்டி நிக்காது," என்றான் காசிமிர்.

"விளக்கு எரியிற வண்டி டிப்போவ விட்டு வெளிய வராது."

முப்பத்தொரு வருஷம் அந்த விதியோடு வாழ்ந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். குற்றத்தைப் பங்கு போடுவதென்றால் அந்த விதிக்கும் ஒரு பங்கு உண்டு.

கெட்டுப்போனது ஒரு சின்ன பம்ப். டாங்கிலிருந்து ஆவி எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. காசிமிர் பின்சக்கரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் மறைப்பை இறக்கி, தடவித் தடவியே மூன்று போல்ட்டையும் கழற்றினான். நாற்பதே நிமிடம். புது பம்பை ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஜாக்கியில எது மேல் பக்கம்னு தெரியுமா உனக்கு?"

வெர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. பிறகு அவனுக்கு ஒரு தட்டு நிறைய பியரோகிக் கொழுக்கட்டை வந்தது. உருளைக்கிழங்கு அடைத்து, வெண்ணெயில் வெங்காயம் வதக்கிப் போட்டது. அந்த மணத்துக்குத் தபால் வண்டி தெருவில் நின்று மூன்று நாள் நகரவில்லை.

"ஒரு வாரம் விளக்கு எரியலன்னா கெளம்பிடுவேன்," என்றாள்.

அவள் பாட்டுக் குழுப் பயிற்சிக்கு வேறொருத்தியின் வண்டியில் தேவாலயம் போயிருந்த முற்பகலில், என் மீன்தூண்டில் முள்ளை அடுப்பில் சிவக்கக் காய்ச்சினேன். பம்புக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு துளை. அரை மில்லிமீட்டர். விளக்கு எரிய அது போதும் என்று காரின் கையேட்டில் போட்டிருந்தது. அதுவே அதிகம்தான்.

நாலாம் நாள் விளக்கு எரிந்தது.

காசிமிர் குழாயை விரலால் தடவிப் பார்த்தான். அரை மில்லிமீட்டர் விரலுக்குத் தெரியாது. "கடைக்காரன் ஓட்டைப் பம்ப தலையில கட்டிட்டான்," என்று இரண்டாவது பம்பை மாட்டினான். பாவம், கசிவு இருக்கிறது என்று அதுவும் உண்மையைத்தான் சொன்னது. பிறகு மூன்றாவது. குழாயில் சுருட்டுப் புகையை ஊதியிருந்தால் துளை தெரிந்திருக்கும். காசிமிர் புகைப்பதில்லை. நான் புகைப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவன் தோற்றால் தட்டு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒவ்வொரு தோல்விக்கும் பியரோகி கூடியது. "பாவம், மறுபடியும் எனக்காக மண்ணுல படுக்குறான்," என்று அவன் சட்டையைத் தட்டிவிட்டாள்.

மூன்றாவது பம்ப் ஏறிய அன்று வெர்னா முற்றத்தில் நின்று போனில் பேசினாள். "அடுத்த வாரம் கண்டிப்பா வந்துருவேன், டெல்லா. யாரையும் தலையத் தொட விடாத. நானே வந்து பின்னி விடுறேன்."

துளையை அடைக்க ஒரு அங்குல டேப் போதும். டேப் என் சட்டைப்பையில் இருந்தது. மூன்று வாரமாக அங்கேதான் இருந்தது. நான் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேல் பக்கம் எது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

டெல்லா வியாழக்கிழமை மதியம் இறந்தாள். ஒரு மணி நேரத்தில் வெர்னா என் கதவைத் தட்டினாள்.

"ஹார்லன், உன் வண்டியில கூட்டிட்டுப் போறியா?"

கண்ணாடியெல்லாம் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன்.

துளை போட்டது நான்தான். ஒரு சாவைப் பார்க்க விடாமல் செய்தேன் என்பீர்கள். நான் வெர்னாவை ஒரு சாவுக்கு அழைத்துப் போனேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலரை மணி நேரம். முடிந்தவரை மெதுவாக ஓட்டினேன். இலையுதிர்காலத்து மலையெல்லாம் சிவந்திருந்தது. என் ஆயுளில் அப்படி ஒரு இனிய பயணம் வாய்த்ததில்லை. கடைசியில் வெர்னா என்னோடுதான் வந்தாள்.

அவள் பின்சீட்டில், காசிமிரின் தோளில் தலை சாய்த்து, வழி முழுக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.