இரைச்சல் நீக்கிய குரல்

பதிவில் இரைச்சல் வந்தால் பலரும் உடனே புது மைக் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். தேவையே இல்லை. கோளாறு பெரும்பாலும் கம்பியில் இருக்கும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் சவுண்ட் கார்டில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றிவிட்டுக் கேட்க வேண்டும். நான் செய்ததும் அதுதான்.

வீட்டின் பின்னறையில் வைத்துத்தான் பதிவு செய்வேன். தொலைபேசியில் காத்திருப்பவர்களுக்கான அறிவிப்புகளுக்குக் குரல் கொடுப்பது என் தொழில். அடுத்த அறையில் மாமனார். நுரையீரல் பழுதாகிப் படுத்தவர். அவருக்கு ஆக்சிஜன் தரும் மெஷின் வெளியே நடையில் நிற்கும். அதிலிருந்து நீளமான குழாய் ஒன்று சுவரோரமாகப் போய் அவர் மூக்கில் முடியும். எழுந்து நடைவரைக்கும் வர அவரால் முடியாது.

மனிதர் தங்கமானவர். மெஷின் சத்தம் பதிவில் விழுகிறது என்று ஒருமுறை சொன்னேன். "விழட்டுமே மாப்ளே, சுருதிப்பெட்டி வச்ச மாதிரி இருக்கும்," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அந்த இருமலைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சளி அடித்தொண்டையில் கொழகொழவென்று உருளும். மேலே வரும், வழுக்கி உள்ளே இறங்கும், மறுபடி வரும். கடைசியில் கட்டிலருகே இருக்கும் கிண்ணத்தில் சொத்தென்று விழும். உதட்டிலிருந்து நூல் மாதிரி ஒன்று தொங்கும். அதைத் துண்டால் வழித்துக்கொண்டே, "சாப்டீங்களா மாப்ளே?" என்பார். மற்றவர்களுக்கு அது பக்கத்து அறைச் சத்தம். எனக்கு ஹெட்போனில், பெருக்கப்பட்டு, என் வாய்க்குள்ளேயே நடப்பதுபோல் கேட்கும். சோற்றில் கை வைக்கும்போதுகூடக் கேட்கும்.

அன்று மத்தியானம் மனைவி மருந்து வாங்கக் கிளம்பினாள். "அப்பாவப் பாத்துக்கோங்க. மெஷின் நின்னா ரொம்ப நேரம் தாங்கமாட்டாரு."

"எனக்குத் தெரியாதா? நீ போய்ட்டு வா."

ஒரு மருத்துவமனைக்கான அறிவிப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பின்னணியில் ஒரு ரீங்காரம். கம்பியை மாற்றினேன், போகவில்லை. மைக்கைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத் துளைக்கு மாற்றினேன், போகவில்லை. மின்விசிறியை நிறுத்தினேன். பிரிட்ஜை நிறுத்தினேன். மிச்சம் இருந்தது மெஷின். பிளக்கைப் பிடுங்கினால் அது கீச்சென்று கத்தும். பொத்தானை அழுத்தி நிறுத்தினால் கத்தாது. பொத்தானை அழுத்தினேன்.

ரீங்காரம் அப்படியே இருந்தது. ஆக, மெஷின்மேல் தப்பில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, சவுண்ட் கார்டை எடுத்து, உள்ளே இருக்கும் மின்சாரப் பெட்டியை விட்டுத் தள்ளி வேறு இடத்தில் செருகினேன். ரீங்காரம் போய்விட்டது.

அப்போதாவது மெஷினைப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். ஹெட்போனை மாட்டினேன், அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. "தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்," என்று பேசத் தொடங்கினேன்.

"மாப்ளே," என்றார் சுவருக்கு அப்பாலிருந்து. "மெஷின் நின்னுபோச்சு போல. கொஞ்சம் பாருங்களேன்."

அதட்டல் இல்லை. தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூசுகிற குரல். அவர் குரல் குறுக்கே விழுந்துவிட்டதால் அந்த வரியைத் திரும்பப் பேசினேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடி பேசினேன். பிறகு கிண்ணம் தரையில் உருண்டது. பிறகு ஒன்றுமில்லை. அறிவிப்பை முழுசாகப் பேசி முடித்துவிட்டு நடைக்குப் போய் மெஷினைப் போட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, கிண்ணத்திலிருந்து சிந்தியதைத் துடைத்தேன். தரையில் அது இன்னும் சூடாக இருந்தது.

செத்துப்போவார் என்று தெரியும். தெரிந்துதான் விட்டேன். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தச் சத்தம்தான் ஆகவில்லை.

யாரும் சந்தேகப்படவில்லை. நோயாளி, போய்விட்டார், அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்தபின் மனைவி வந்து கேட்டாள்: "அப்பா குரல் உங்ககிட்ட எதுலயாச்சும் இருக்கா? ஒரே ஒரு தடவ கேக்கணும் போல இருக்குங்க."

பழைய பதிவுகளையெல்லாம் தேடினேன். எல்லாவற்றிலும் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நடுவே சளி. சுத்தமாக இருந்தது அந்த மத்தியானப் பதிவு ஒன்றுதான். அதை எடுத்து, என் குரலை வெட்டினேன். மூச்சு வாங்குவதை நீக்கினேன். கிண்ணம் உருளுவதை நீக்கினேன். அவர் குரலை மட்டும் சற்றுத் தூக்கி வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்திருந்தது. ஹெட்போனை என் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட்டேன்.

கேட்டாள். கழற்றி மேசைமேல் வைத்தாள். செருப்புக்கூடப் போடாமல் நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அதில் என்ன குறை கண்டாள் என்று நீங்களாவது அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை.