பேர்னாட் எழுதிய வரியை அழித்தவன்

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, பீடாதிபதிகளே, தேற்றாத்தீவிலிருந்து வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அமரரின் துணைவியார் மேர்லின் அக்கா அவர்களே, மாணவச் செல்வங்களே, சக ஊழியர்களே! பின்கதவுக்கு வெளியே, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கும் சுத்திகரிப்புத் தொழிலாளி கண்ணகை அவர்களே! தாபனக் கிளையின் எழுதுவினைஞனும் ஊழியர் சங்கச் செயலாளனுமாகிய யோகராசாவின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். வாசிப்பதற்கு ஒரு தாளும் தந்திருக்கிறார்கள். அதில் அமரர் சூசைப்பிள்ளை பேர்னாட் அவர்கள் "இயற்கையின் சீற்றத்துக்குப் பலியானார்" என்று அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. இந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறேன். பொய்யை வாசித்து அந்த மனிதரை வழியனுப்ப என்னால் முடியாது.

பேர்னாட் அண்ணன் யார்? இருபத்திரண்டு வருடம் நமது பிரதான வாயிலில் நின்ற பாதுகாப்பு உத்தியோகத்தர். அவ்வளவுதானா? இந்த வாவிக்கரை வளாகத்துக்கு நாளேடு நடத்திய மனிதர் அவர்! காவற்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. காலை ஆறு மணிக்கு வெண்கட்டியும் கையுமாக நிற்பார். "கிரான் பஸ் இன்று பழுது, பரீட்சை உள்ளவர்கள் முந்திப் புறப்படவும்." "நூலக மாடியில் தண்ணீர் இல்லை." "விவசாய பீடத்துப் பசு கன்று ஈன்றது, இருவரும் நலம்." "நீலச் செருப்பு, இடது கால் மட்டும், என்னிடம் உள்ளது." பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் மூன்று மாதமாக ஒரே படம் கிடக்கும். பேர்னாட் அண்ணனின் பலகையில் பழைய செய்தியை யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பலகைக்கு ஒரு சட்டம் இருந்தது. இங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார். ஒரு குறையை எழுதினால், அது தீரும்வரை வரி அழியாது. தீர்த்துவைத்தவர்தான் தன் கையால் அழிக்க வேண்டும். பெண்கள் விடுதியின் நீர்ப் பம்பியைத் திருத்திவிட்டுப் புறப்பட்ட பொறியியலாளரின் வாகனத்துக்குப் பின்னால் இவர் டஸ்டரோடு ஓடியது நினைவிருக்கிறதா? "சேர், வேலைய முடிச்சது நீங்க. நீங்கதான் அழிக்கோணும். நான் அழிச்சா புள்ளயள் நம்பாதுகள்" என்றார். பொறியியலாளர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து அழித்தார். அன்று நாமும் சிரித்தோம்.

ஆகவே, அந்தப் பலகையில் ஒரு வரி இல்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான். வேலை முடிந்தது, இனிப் பயமில்லை என்ற செய்தி.

பஸ் தரிப்பிடத்தின் கூரை கழன்ற நாளிலிருந்து நமது பிள்ளைகள் வாகை மரத்தடியில்தான் பஸ்சுக்கு நின்றுவந்தார்கள். அந்த மரத்தின் பெரிய கொப்பு வெடித்திருந்ததை முதலில் கண்டவரும் பேர்னாட் அண்ணன்தான். அன்றே எழுதினார்: "வாகை மரத்தின் தெற்குக் கொப்பு வெடித்துள்ளது. கீழே நிற்க வேண்டாம்." எத்தனை நாள் நின்றது அந்த வரி? நாற்பத்து மூன்று நாள்! கடிதமும் கொடுத்தார். பராமரிப்புக் கிளை, மரம் வெட்டுவது தன் வேலையல்ல என்றது. சூழல் குழு, அடுத்த கூட்டத்தில் ஆராயப்படும் என்றது. அடுத்த கூட்டம் நடந்தது. அதில் என்ன ஆராய்ந்தார்கள்? பட்டமளிப்பு விழாவுக்கு எந்த நிறத் துணி கட்டுவது என்று ஆராய்ந்தார்கள்! ஒரு கொப்பைத் தறிக்க ஒரு வாளும் இரண்டு ஆட்களும் ஒரு முற்பகலும் போதும். படித்தவர்கள் இவ்வளவு பேர் இருந்தும் அது நமக்கு முடியவில்லை. வெட்கமாக இல்லையா?

விழா வந்தது. பேத்தியின் ஞானஸ்நானத்துக்காகப் பேர்னாட் அண்ணன் மூன்று நாள் லீவில் போனார். விழாவுக்கு முதல்நாள் பலகை கழுவப்பட்டது. மும்மொழியிலும் வர்ணத்தில் "நல்வரவு" எழுதப்பட்டது. பிரமுகர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.

நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. அண்ணனுக்கு அன்று பிற்பகல் கடமை. வாயிலுக்கு வந்தவர் பலகையைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். கொப்பு அப்படியே இருந்தது. அதன் கீழே ஒன்பது பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். புயலா அடித்தது? இல்லை, வெறும் தூறல். "புள்ளயள், வெளிய வாங்க! கொப்பு வெடிச்சுக் கிடக்கு, ஓடி வாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். எட்டுப் பேர் ஓடினார்கள். பையை எடுக்கக் குனிந்த ஒன்பதாவது பிள்ளையை இழுத்துத் தள்ளிவிட்டார். அவர் வெளியே வர நேரம் இருக்கவில்லை.

அந்தப் பிள்ளை முதலாம் வருட மாணவி யசோதினி. இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். வைத்தியசாலை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சேர், அந்த வரிய நாங்க ஒவ்வொரு நாளும் பார்ப்பம். அதால அங்க நிக்கிறேல்ல. அண்டைக்குப் பலகையில இல்ல. அப்ப வெட்டிற்றாங்க எண்டுதானே நினைச்சம்" என்றாள். இயற்கையின் சீற்றமாம்! எந்த இயற்கை வந்து பலகையைக் கழுவியது?

அதற்கும் நிர்வாகம் ஒரு விடை கண்டுபிடித்துவிட்டது. முந்தநாள் கண்ணகைக்கு விளக்கம் கோரும் கடிதம் போயிருக்கிறது. "உரிய அனுமதியின்றி அறிவித்தல் பலகையை அழித்தமைக்காக ஏன் சேவையிலிருந்து நிறுத்தக் கூடாது?" ஏழு வருடமாக நிரந்தரமாக்காமல் அமைய ஊழியராகவே வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்கிறார்கள். அவர் வாளியோடு பலகைக்கு முன்னால் நின்று என்ன சொன்னார் தெரியுமா? "ஐயா, இது பேர்னாட் அண்ணன்ட பலகை. கொப்பு இன்னும் வெட்டேல்ல. வேலை முடியாம அழிக்கப்படாது." இப்படிச் சொன்ன ஒரே ஆள் கண்ணகைதான்.

யாரிடம் சொன்னார்? என்னிடம்.

வரவேற்புக் குழுவில் நானும் ஓர் ஆள். பலகை ஊத்தையாகக் கிடக்கிறது, படத்தில் விழும் என்று மேலே இருந்து சொன்னார்கள். மறுத்துப் பேச எனக்கு வாய் இருந்தது, சங்கம் இருந்தது. நான் கண்ணகையிடம், "ரெண்டு நாளைக்குத்தானே, அண்ணன் வந்தா திரும்ப எழுதுவார். கழுவுங்க" என்றேன். அவர் தயங்கினார். நான் அவருடைய கையிலிருந்த துணியை வாங்கி, அந்த வரியை நானே துடைத்தேன். மேர்லின் அக்கா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், துடைத்தது இந்தக் கை. இதைச் சொல்லாமல் ஆறு நாள் உங்கள் வீட்டு முற்றத்தில் கதிரை அடுக்கித் திரிந்தேன்.

சற்று முன் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். நாற்பத்து மூன்று நாள் மௌனமாக இருந்தோமே, அது யாருக்கான அஞ்சலி? துணைவேந்தர் அவர்களே, கண்ணகைக்கு எழுதிய கடிதத்தைத் திருப்பி எடுங்கள். விளக்கத்தை என்னிடம் கேளுங்கள். படத்தில் விழும் என்றவரிடம் கேளுங்கள். பராமரிப்புக் கிளைக்கும் சூழல் குழுவுக்கும் நடுவில் அந்தக் கோப்பை உறங்க விட்டவர்களிடம் கேளுங்கள். தெற்குக் கொப்பு விழுந்த அதிர்வில் அந்த வாகை மரத்தின் வடக்குக் கொப்பும் வெடித்து, இன்று வரை அப்படியேதான் கிடக்கிறது. போய்ப் பாருங்கள்!

பேர்னாட் அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று சொல்வது இலகு. ஊழியர் சங்கத்தின் பேரால் நான் சொல்வது இதுதான்: நாளை முதல் ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு நம்மில் ஒருவர் அந்தப் பலகைக்கு முன் வெண்கட்டியோடு நிற்பார். முதல் நாள் நான். இந்தக் கூட்டம் கலைந்ததும் "நல்வரவு" வர்ணத்தை என் கையால் சுரண்டப் போகிறேன். சுரண்டிவிட்டு எழுதுவேன்: "வாகை மரத்தின் வடக்குக் கொப்பு வெடித்துள்ளது. கீழே நிற்க வேண்டாம்." அதற்குக் கீழே இன்னொரு வரி: "பேர்னாட் எழுதிய வரியை, வேலை முடியுமுன் அழித்தவன் யோகராசா."

முதல் வரியைக் கொப்பை வெட்டியவர் வந்து அழிக்கட்டும். இரண்டாவது வரியை யாரும் தொட வேண்டாம்.