சூளையை அணைத்தது நான்தான்

டீ நன்றாக இருக்கிறது, மேடம். விசாரணைக்கு வந்தவனுக்கு ஏலக்காய் தட்டிப்போட்டு டீ கொடுக்கும் அலுவலகத்தை இப்போதுதான் பார்க்கிறேன். இதைக் கொதிக்க வைத்த கேஸ் அடுப்பு எங்கள் கணக்கில் ஒரு மூலையில் இருக்கும். திருத்தணி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நான் ஏறி வந்த ஆட்டோவும் இருக்கும். நாடு இனி எவ்வளவு புகை விடப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஜோசியக்காரர் கிளி வைத்திருப்பார், நாங்கள் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம்.

முறை எளிது. போக்குவரத்து, மின்சாரம், தொழில், விவசாயம், வீட்டு அடுப்பு, குப்பை என்று துறை துறையாகக் கூறு போடுவோம். ஒவ்வொன்றிலும் இன்று எவ்வளவு எரிகிறது, ஒரு டன் எரிந்தால் எவ்வளவு புகை, வருங்காலத்தில் அது எவ்வளவு வளரும் என்று பெருக்கினால் 2035 வந்து நிற்கும். பிறகு இரண்டு கோடு. இப்படியே விட்டால் ஒன்று, நடவடிக்கை எடுத்தால் ஒன்று. முதல் கோடு எப்படியும் ஏறும். இரண்டாவது இறங்கியே ஆகவேண்டும். மாவட்டம் மாவட்டமாகச் சேர்த்துத்தான் நாட்டுக் கணக்கு உருவாகிறது. இந்த மாவட்டம் என் தலையில் விழுந்தது.

கோடு இறங்கவில்லை. எங்கள் மேலாளர் வேணு சார் திரையைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஹேமநாதா, எங்கனா கொஞ்சம் கொறப்பா" என்றார். எங்கே குறைப்பது? பஸ்ஸைக் குறைத்தால், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற ஜனத்தை நானா தோளில் தூக்கி வருவேன்? கரும்புத் தோகை எரிப்பதில் கை வைத்தால் திருவாலங்காட்டுப் பக்கத்து விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாத் துறைக்கும் ஏன் என்று கேட்க ஆள் இருந்தது. செங்கல் சூளைக்கு மட்டும் இல்லை.

கே.ஜி.கண்டிகையைத் தாண்டி, மாந்தோப்புக்குப் பின்னால் ஒரு சிற்றூர். அங்கே வரிசையாகச் சூளைகள். அவற்றை அணைத்து மூடிவிடலாம் என்று ஒரு திட்டம் கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பி, வேலை முடிந்துவிட்டதாகவே எழுதிவிட்டேன். சூளைகள் அணைந்தன. கோடு சமர்த்தாக இறங்கியது. வேணு சார் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

மாவட்டத்தில் வேறு சூளைகளே இல்லையா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. மற்ற ஊர்க்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், மேடம். இந்த ஊரில் சூளைக்கு அடுத்த வீடு என் அக்கா வசந்தியுடையது. அம்மா போனபின் எனக்குச் சோறு போட்டுப் படிக்கவைத்தவள். நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள், ஊரையும் கேட்கவைப்பாள். சொந்தபந்தம் என்று எதற்கு இருக்கிறது?

புகை அதிகமுள்ள ஊர்களுக்கு மூச்சு நோய் பார்க்கும் மருத்துவ வண்டி வாராவாரம் போகும். எந்த ஊருக்குப் போவது என்பதை எங்கள் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அக்கா மகள் ஷாலினி அந்த வண்டியில்தான் மருந்து வாங்குவாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. சூளை அணைந்ததும் வண்டியும் நின்றது. நியாயம்தானே? புகையில்லாத ஊருக்கு டீசல் எரித்துக்கொண்டு வண்டி வந்தால் அதுவும் ஒரு புகைதான்.

அக்கா போன் செய்தாள். "டேய் ஹேமா, வண்டி வர்றதில்லடா. புள்ள இருமிக்கினே கீது. தெருவுல எல்லாரும் சேந்து கலெக்டருக்கு மனு எழுதிக்கினு கீறோம். நீ வந்து ஒருவாட்டி படிச்சிப் பாரு."

அன்றே போனேன். கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி சாம்பல் நிறத்தில் ஆடியது. அக்கா கோழிக்குழம்பு வைத்திருந்தாள், விறகு அடுப்பில். என் கணக்கில் அவளைக் கேஸுக்கு மாற்றி வெகுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் குழம்பு பிரமாதம். ஷாலினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மாமா, உங்க ஆபீஸ்ல சொன்னா பொக நிக்குமா?" என்று கேட்டாள். நின்றுவிட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. "நிக்கும்மா" என்றேன்.

அக்கா வீட்டுக்காரர், பாவா துளசிங்கம், மனுவை என் கையில் கொடுத்தார். நான் சொன்னேன்: "பாவா, மனு போட்டா அது பத்து டேபிள் சுத்தும். இது எங்க டிபார்ட்மெண்ட் சமாச்சாரம். நான் பாத்துக்கறேன்."

"ஆங், படிச்சவன் நீ சொன்னா சரிதான்பா" என்றார் பாவா. தெருவே தலையாட்டியது. மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு அந்தச் சட்டை சலவைக்குப் போய்விட்டது. மனு கூழாகி வந்தது.

மாசியில் சூளைகள் முழுமூச்சாக எரிந்தன. ஒரு மத்தியானம் ஷாலினியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு திருத்தணிக்கு ஓடிவந்திருக்கிறார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவளிடம் மூச்சு இல்லை. நான் சென்னையிலிருந்து மாலை போட வந்தேன். அக்கா அழவில்லை. "பாத்துக்கறேன்னு சொன்னியேடா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை. பாவாதான் உங்களிடம் புகாரோடு வந்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, பாவம், துக்கத்தில் இருக்கிறார்.

இப்போது நீங்கள், எங்கள் ஆபீஸ் வைத்திருக்கும் புகையால் இறந்தவர்கள் கணக்கில் ஷாலினியைச் சேர்க்கச் சொல்கிறீர்கள். எப்படி முடியும், மேடம்? அந்த ஊருக்கு நேராகப் பூஜ்யம் இருக்கிறது. ஒரு சாவை ஏற்றினால் அதற்கொரு புகை வேண்டும், புகையை ஏற்றினால் சூளை வேண்டும், சூளையை ஏற்றினால் கோடு மேலே போய்விடும்.

எழுதிக்கொள்ளுங்கள். எரிந்துகொண்டிருந்த சூளைகளைக் காகிதத்தில் அணைத்தது நான். வண்டி நின்றது என்னால். மனுவை வாங்கி அமுக்கியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஷாலினிக்கு நான் கெடுதல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இதோ, இந்தப் பக்கத்தைப் பாருங்கள். 2035-இல் அவள் சுவாசிக்கப்போகும் காற்றை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன்.