வெறும் பீன்ஸ்

பீன்ஸ் விதையை வேகவைக்கும்போது உப்பை முதலில் போடக் கூடாது. தோல் விறைத்துப்போகும். வெந்த பிறகுதான் போட வேண்டும். நீங்கள் கேட்ட முதல் கேள்வி, அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்பது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் தேநீரையும் குடித்துவிடுங்கள், ஆறுகிறது.

என் வீட்டுக்காரர் முடிதிருத்துபவர். கடைத்தெருவின் கடைசியில் இரண்டு நாற்காலி போட்ட கடை. அந்தத் தொழில்காரருக்கு எந்த நோய் வரக் கூடாதோ அதுவே அவருக்கு வந்தது. முதலில் வலது கட்டைவிரல் ஆடியது. பிறகு கை முழுவதும். சவரத்துக்கு வந்தவர்கள் முடி மட்டும் வெட்டிக்கொண்டார்கள். முடி வெட்ட வந்தவர்கள் செய்தித்தாள் மட்டும் படித்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கழுத்து ஒன்றுதான் இருக்கிறது.

டாக்டர் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். விரல்களைத் தட்டச் சொன்னார். பார்க்கின்சன் என்றார். மாத்திரை எழுதித் தந்து, விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்.

"மாத்திரை போட்டாத்தான் நான் நோயாளி. போடலைன்னா இது வெறும் நடுக்கம்," என்றார் என் வீட்டுக்காரர்.

கடையில் யாரோ ஒரு பத்திரிகையைப் படித்துக் காட்டியிருந்தார்கள். மாத்திரையில் இருக்கிற சத்து பெரிய பச்சை பீன்ஸ் விதையிலும் கொஞ்சம் இருக்கிறதாம். 'கொஞ்சம்' என்பதைக் கடையிலேயே விட்டுவிட்டு, பீன்ஸை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"உணவே மருந்துன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றார்.

முப்பத்தோரு வருடமாக என் உணவை அவர் மருந்து மாதிரித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு.

மசித்துக் கொடுத்தேன். தினமும் கொடுத்தேன். சட்டைப் பொத்தான் போட முடியாத நிலைக்கு வந்தார். கடையை விற்றுவிடலாமா என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. மறுநாள் டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். பொடித்துக் கொடுக்கலாம் என்றார் மருந்துக்கடைக்காரர். கூடவே பாலோ முட்டையோ மாமிசமோ வேண்டாம், மருந்து உடம்பில் சேராது என்றார். மிளகு இடிக்கும் சின்ன உரலில் பொடித்து மசியலில் கலந்தேன்.

இது குற்றம் என்றால் குழந்தைக்குத் தேனில் மருந்து குழைத்துக் கொடுத்த எல்லாப் பெண்களையும் நீங்கள் பிடிக்க வேண்டியிருக்கும். இடம் போதாது.

கை ஆடுவது நின்றது. ஒரு நாள் காலையில் அவரே பொத்தான் போட்டுக்கொண்டார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா," என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மாத்திரையையும் விட்டிருப்பார், அந்தச் சொல்லையும் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார்.

கடை மறுபடி நிறைந்தது. வந்தவர்களிடமெல்லாம் என் சமையலைப் பற்றிச் சொன்னார். தலை அவர் கையில் இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? ஆட்கள் என் அடுப்படிக்கு வர ஆரம்பித்தார்கள். முழங்கால் வலிக்கு ஒருவர், தூக்கம் வராமல் ஒருவர். எல்லோருக்கும் பீன்ஸ்தான். பாலும் முட்டையும் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். எவ்வளவு ஞானம் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னது என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சொன்ன வாய் என்னுடையது.

இனி தபால்காரருக்கு வருகிறேன். நீங்களும் அதற்குத்தான் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது, ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் தபால்காரர்தான். அதே நோய். ஆனால் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர். மெதுவாக நடப்பார், படி ஏறுவார். மாத்திரை குமட்டுகிறது, சில சமயம் உடம்பு தானாகக் கூத்தாடுகிறது என்று குறைபட்டுக்கொள்வார். என் வீட்டுக்காரரின் கை நின்றதைக் கேள்விப்பட்டுக் கடைக்கு வந்தார்.

"பேச்செல்லாம் வேணாம். கத்தியை எடு. என் கழுத்துல காட்டு," என்றார்.

"அண்ணே, கோடு போட்டா மாதிரி இருக்கும் பாருங்க."

நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன், அதனால் கண்ணால் பார்த்தேன். கத்தி காதிலிருந்து தொண்டைக்குழி வரை இறங்கி ஏறியது. ஒரு கீறல் இல்லை. தபால்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"இதுக்கு மேல எனக்கு டாக்டர் எதுக்கு?"

மறுநாள் வீட்டுக்கு வந்தார். பழைய தபால் பையிலிருந்து மாத்திரைப் பெட்டிகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார்.

"இந்தா தங்கச்சி. என் கடைசிப் பட்டுவாடா. வீட்டுல வெச்சா மக ஊட்டி விட்டுடுவா."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் அழகாகத்தான் இருக்கிறார், அவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் பழைய அளவு போதாமல் ஆகியிருந்தது. மதியத்துக்கு மேல் கை லேசாக ஆடும். அளவைக் கூட்ட வேண்டுமென்றால் டாக்டர் ஆளைப் பார்க்க வேண்டும். ஆள் போக மாட்டார். அந்த நேரத்தில் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. பெட்டியைத் திருப்பிப் படித்தேன். அதே மாத்திரை.

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். பெட்டிமேல் ஒட்டியிருந்த அவர் பெயரைக் கிழிக்கவில்லை. திருடியிருந்தால் கிழித்திருப்பேன்.

தபால்காரருக்குத் தினமும் கிண்ணம் போனது. உப்பைக் கடைசியில் போட்ட, பதமான பீன்ஸ். ருசியில் குறை சொல்ல முடியாது. முதலில் குமட்டல் நின்றது. "பாத்தியா!" என்று சொல்லி அனுப்பினார். பிறகு படி ஏற முடியவில்லை. பிறகு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. பிறகு கிண்ணத்தை மகள் ஊட்டினாள். ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற பெண். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில் மாவோடு ஓடி வந்தாள்.

"அத்தை, அப்பாவுக்குக் காய்ச்சல் கொதிக்குது. உடம்பு மரக்கட்டையா இருக்கு. வாயைத் திறக்கவே முடியலை."

"இத்தனை வருஷ மாத்திரை வெஷம் இறங்குதும்மா. இறங்கும்போது அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கோ."

"பழைய மாத்திரைல ஒண்ணு குடுங்க அத்தை. கரைச்சாவது ஊத்திப் பாக்கறேன்."

"அதெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டுட்டேனே."

சர்க்கரை டப்பா என் முழங்கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மறுநாள் சனிக்கிழமை. கடையில் கூட்டம் அதிகம்.

அவள் அழுதுகொண்டே போனாள். நான் கிண்ணத்தைக் கொடுத்துத்தான் அனுப்பினேன், வெறும் கையோடு அனுப்பவில்லை. பிறகு ஆஸ்பத்திரி. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதால் வந்தது என்று அங்கே சொன்னார்களாம். ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் போய்விட்டார். நல்ல மனிதர். என் சமையலை நம்பியவர்.

அவர் மாத்திரையை அவர் கிண்ணத்திலேயே பொடித்துப் போட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ராத்திரி முழுக்க யோசித்தேன்.

போட்டிருக்கலாம். அவர் இன்னும் படி ஏறிக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரருக்கு வேறு வழி பார்த்திருக்கலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சாப்பிடுவது பீன்ஸும் மாத்திரையும். கை நிற்பது எதனால் என்று யாருக்குத் தெரியும்? அவர் பாராட்டும்போதெல்லாம் பாதிதான் எனக்குச் சேர்கிறதோ என்று உறுத்தும். அதே நோய் உள்ள ஒருவருக்கு வெறும் பீன்ஸ் கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும். அதற்குத் தபால்காரரை எடுத்துக்கொண்டேன். தெரிந்தேதான் எடுத்துக்கொண்டேன். இதை நீங்கள் அப்படியே எழுதலாம், கையெழுத்துப் போடுகிறேன். அவர் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் பலன் தெரிந்திருக்கும். அவசரப்பட்டுவிட்டார்.

நான் இங்கே வந்ததிலிருந்து என் வீட்டுக்காரரின் கை மறுபடி ஆடுகிறதாம். கடையைப் பூட்டிவிட்டாராம். நீங்கள் மாத்திரை கொடுத்து அனுப்பினீர்களாம், மனசுக்கு நன்றி. விஷயத்தையும் எடுத்துச் சொன்னார்களாம். அவர் நம்பவில்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். "எம் பொண்டாட்டி சமையலை விடவா இது?" என்று கேட்டாராம், உங்கள் ஆட்கள் முன்னால்.

என் சாப்பாடு நின்றது, கை ஆடுகிறது. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

வாசலில் நிற்கும் உங்கள் பெண் காவலர், "மாத்திரை நின்னுபோச்சு, அதான்," என்கிறாள். சின்னப் பெண். சமைக்கத் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.