பால்கனியில் நின்ற வீரம்

மேசைமேல் மணியை வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் தலைவர் சந்திரமௌலி அவர்களே! பட்டும் பூவுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் அன்னையரே! ஆன்றோரே! மூத்தோரே! எலும்பை உலுக்கும் தில்லிக் குளிரிலும் பொங்கல் விழாவுக்குத் திரண்டு வந்திருக்கும் கிட்வாய் நகர்த் தமிழ்ப் பெருமக்களே! போன மாதம் ஒரு மாலையில் பால்கனியில் வரிசையாக நின்று, கை நடுங்காமல் போனில் படம் பிடித்த கலைஞர்களே! அனைவருக்கும் உஷாராணியின் வணக்கம்.

என்ன, கடைசி வணக்கத்துக்கு மட்டும் கைதட்டலைக் காணோம்?

சென்னையிலிருந்து வரவேண்டிய பேச்சாளரின் விமானத்தைப் பனிமூட்டம் மறித்துவிட்டது. மத்தியானம் தலைவர் எனக்குப் போன் செய்தார். "மேடம், நீங்க வக்கீல், பேசறது உங்களுக்குப் பழக்கம். 'தமிழர் வீரம்'னு தலைப்பு. கொஞ்ச நேரம் ஒப்பேத்திடுங்கோ" என்றார். நான் யாருடைய வக்கீல் என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டார். நான் அருள்ராஜின் வக்கீல்.

இப்போது நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கிறதே, ஏன்?

எனக்கு முன் பேசிய நண்பர், ஒற்றை வேலோடு யானைப் படையை எதிர்த்தவனைப் பற்றி முழங்கினார். கூரை அதிரத் தட்டினீர்கள். தாராளமாகத் தட்டலாம். அந்த யானை நம் வாசலுக்கு வரப்போவதில்லை! வந்தது யானையா? இரண்டு பையன்கள். அவர்கள் காரில் ஓர் ஆட்டோ உரசிவிட்டது. நம் கேட்டுக்கு எதிரே ஆட்டோக்காரரை இழுத்துப் போட்டு ஹாக்கி மட்டையால் அடித்தார்கள். "பச்சாவோ பையா, பச்சாவோ" என்று அந்த மனிதர் அலறினார். வெண்டைக்காய்க்குப் பேரம் பேச நமக்கு ஹிந்தி வரும். கொத்தமல்லியை இலவசமாகக் கேட்கவும் வரும். 'காப்பாற்று' என்ற ஒரு சொல் மட்டும் அன்றைக்குப் புரியாமல் போயிற்று!

புரிந்தது ஒருவருக்கு. லோதி ரோடு ஆபீஸ் முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, சாப்பாட்டுப் பையோடு வந்த அருள்ராஜுக்கு. ஓடிப்போய் மட்டையைப் பிடித்தார். பிடுங்கித் தள்ளினார். தள்ளிய வேகத்தில் ஒருவன் நடைபாதைக் கல்லில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆட்டோக்காரர் உயிர் பிழைத்தார். ஆனால் தலையில் விழுந்த அடியில், அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. கை முறிந்தவனுக்கோ எல்லாம் நினைவிருக்கிறது! வழியோடு போன எங்களை இந்த மதராஸி தாக்கினான் என்று புகார் கொடுத்தான். அருள்ராஜ் உள்ளே போனார். இரண்டு நாளைக்கு மேல் காவலில் இருந்தால் அரசு ஊழியருக்கு என்ன நடக்கும்? அரசு ஊழியர்களான உங்களுக்கா தெரியாது? சஸ்பெண்ட்!

போலீஸ் வீடு வீடாக வந்து கேட்டது. யார் பார்த்தீர்கள்? ஒருவரும் பார்க்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தார்களாம்! டிசம்பர் மாதத்துத் தில்லியில், சாயங்கால வேளையில், மூன்று மாடிக்காரர்களும் ஒரே நேரத்தில் குளித்தார்களாம்! கீஸர் தாங்குமா, ஐயா? கரண்ட் தாங்குமா?

அங்கே யாரோ முணுமுணுக்கிறார். சத்தமாகவே சொல்லுங்கள். "சாட்சி சொல்ல ஆபீஸ்ல முன் அனுமதி வேணுமே மேடம்?" ஆகா! அருமை! அடி வாங்குகிறவன் முதலில் மூன்று பிரதிகளில் விண்ணப்பம் போடவேண்டும். பிரிவு அதிகாரி குறிப்பெழுத வேண்டும். இயக்குநர் ஒப்புதல் தரவேண்டும். அதுவரை அடிக்கிறவன் மட்டையை ஓங்கியபடியே காத்திருப்பான், இல்லையா?

உதவப் போனால் வழக்கு வரும் என்கிறீர்கள். வரும். வந்தது. நான் மறைக்கவில்லை. ஆனால் ஏன் வந்தது? அடுத்தவர் உடம்பைக் காப்பாற்றவும் சட்டம் உரிமை தருகிறது. உரிமை இருந்தும் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டார் என்றால், உதவியதாலா மாட்டினார்? தனியாக உதவியதால் மாட்டினார்! நாற்பது பேர் இறங்கியிருந்தால் அந்த மட்டை ஓங்கியிருக்குமா? சரி, இறங்கத்தான் பயம். பார்த்ததைச் சொல்லவுமா பயம்? சட்டத்துக்குப் பயந்தவர்களா நீங்கள்? பதவி உயர்வுக்குப் பயந்தவர்கள்! அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், கொஞ்சமாவது மதிப்பேன்.

"ஏன் அண்ணாச்சி போனீங்க?" என்று அருள்ராஜிடம் கேட்டேன். "அடிச்சுக்கிட்டே இருந்தானுவ மேடம். நிறுத்தணும்னு தோணுச்சு. வேற என்னத்த யோசிக்க?" என்றார். அவர் யோசிக்காததை எல்லாம் சேர்த்து நீங்கள் யோசித்தீர்கள். மன்றம் கூடி வன்முறையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டீர்கள். அதில் அடித்தவன் பெயரும் இல்லை, தடுத்தவர் பெயரும் இல்லை. பொங்கல் நாடகத்தில் அருள்ராஜுக்குத் தளபதி வேஷம் கொடுத்திருந்தீர்கள். அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள். அட்டைக் கத்தியோடு மேடையில் நிற்க வேறு ஆள் கிடைத்துவிட்டார்!

திரும்பிப் பாருங்கள். கடைசி வரிசையில் இருப்பவர் அருள்ராஜின் மனைவி தங்கம். அவருக்கு இருபுறமும் நாற்காலி காலி. அரங்கில் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கிறீர்கள், அந்த நாற்காலிகளில் மட்டும் உட்கார மாட்டீர்கள். வெட்கமாக இல்லையா?

மணி அடிக்கிறீர்கள் தலைவரே. முடித்துவிடுகிறேன். இந்த வாரம் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்போகிறது. கண்ணால் பார்த்த ஒருவர் வந்து சொன்னால் அருள்ராஜின் வேலை பிழைக்கும். நாளைக் காலை ஸ்டேஷன் வாசலில் நான் நிற்பேன். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்துச் சொல்ல வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள்.

யாரோ எழுந்திருக்கிறார். சாப்பாட்டுப் பந்தி இன்னும் தொடங்கவில்லையே? இல்லை, இவர் பந்திக்குப் போகவில்லை. தலைவர் அவர்களே, உங்கள் மைக் ஆனில் இருக்கிறது! "மாலா, எங்க போறே? உக்காரு" என்றது அரங்குக்கே கேட்டது. உங்கள் மனைவி சொன்ன பதில் பின்னால் கேட்கவில்லையாம். நான் சொல்கிறேன். "நீங்க மணி அடிச்சிண்டிருங்கோ. நான் பாத்தேன், போய்ச் சொல்றேன்."

இப்போது தட்டுங்கள்!

முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை தனியாக நடந்து போகிறாரே, இந்த நடைக்குப் பெயர்தான் இன்றைய தலைப்பு. விடைபெறும் வணக்கத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கம் அவர்களே! அவர் பக்கத்தில் போய் அமர்ந்துவிட்ட மாலா அவர்களே! உங்கள் இருவருக்கும் என் வணக்கம், என் நன்றி. மற்றவர்களுக்கு வணக்கம் பாக்கி இருக்கிறது. தங்கத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அது யாருக்கு என்று, அன்று பால்கனியில் படம் பிடித்த உங்கள் போனைத் திறந்து பாருங்கள், தெரியும்.