இண்டிகேட்டர் மாட்டிய மறுநாள்

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் பஸ். டிரைவருக்குப் பின் சீட்டில் ரெண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் நான்.

"நேத்தோட என் கைக்கு வேலை முடிஞ்சுபோச்சு மதினி," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"ஏன், கைக்கு என்ன?"

"எங்க வீட்டுக்காரவுக பைக்குல இண்டிகேட்டரே எரியாதுல்ல? திரும்புறப்பல்லாம் பின்னால உக்காந்து நான்தான் கைய நீட்டுவேன். போன வாரம் ஒரு லாரி உரசுற மாதிரி போச்சு. அன்னைக்கே வண்டியப் பிரிச்சுட்டாக."

"மெக்கானிக்குகிட்ட விடலையா?"

"அவுகளே மாட்டுனாக! மொதல்ல ஹாரன் அடிச்சா சோத்தாங்கைப் பக்க லைட்டு எரிஞ்சுச்சு. விட்டாகளா? மறுபடி எல்லா வயரையும் மாத்திக் குடுத்து, இப்ப முன்னால பட்டப்பகல்லயே எல்.இ.டி. வெள்ளையா எரியுது. எந்தப் பக்கம் திரும்புனாலும் அந்தப் பக்கம் மஞ்ச லைட்டு அப்படியே ஓடுது மதினி!"

"பெறகு நீ ஏன் பஸ்ஸுல வார?"

"என் எடத்துல வெதை மூட்டை உக்காந்திருக்கு. அந்தா, நமக்கு முன்னால போறது அவுகதான்!"

பைக்கின் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வலது பக்கமாக ஓடியது. எதிரே வந்த லாரி வேகத்தைக் குறைத்தது.

"பாத்தீகளா மதினி, லாரிக்காரனே வழி விடுறான்!"

கண்டக்டர் கத்தினார்: "யம்மா, கைய உள்ள இழுங்க!"

அவளுடைய வலது கை ஜன்னலுக்கு வெளியே முழுசாக நீண்டிருந்தது. பைக் திரும்பி முடிக்கிற வரைக்கும் அவள் அதை உள்ளே இழுக்கவில்லை.